வெளியே மட்டும் போதும்

எங்கள் வாட்டர் சர்வீஸில் அவரை எல்லாரும் பிரஷ் என்றுதான் கூப்பிடுவோம். ஏசி காற்று வரும் பட்டைகளுக்கு நடுவில் இருக்கும் தூசியைப் பழைய பல் பிரஷ்ஷால் எடுக்கிற மனுஷன். ஒரு வண்டிக்கு உள்வேலை என்றால் இரண்டு மணி நேரம் ஆக்குவார். முதலாளி தலையில் அடித்துக்கொள்வார். "வண்டி கழுவச் சொன்னா கைக்குழந்தைக்குக் காது தொடைச்சிட்டிருக்கான்யா" என்பார். பிரஷ் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார். வெளிவேலை என்னுடையது. தண்ணீர் துப்பாக்கி, நுரை, சக்கரத்துக்கு மேலே அப்பிய சேறு எல்லாம் நான். உள்ளே அவர். பதினோரு வருஷமாக எங்களுக்குள் இதுதான் பாகப்பிரிவினை.

அவருக்கு ஓர் அண்ணன். கட்டட சாமான் ஏற்றும் பிக்கப் ஒன்று வைத்து ஓட்டினார். முன்பெல்லாம் ஞாயிறுதோறும் பிரஷ் அண்ணன் வீட்டுக்கே போய் அந்த வண்டியைக் கழுவித் துடைத்து, அங்கேயே சாப்பிட்டுவிட்டு வருவார். அப்படி ஒரு ஞாயிறு பெரிய கான்ட்ராக்டர் ஒருவர் அங்கே வந்திருக்கிறார். முழங்கால் வரை நனைந்த பேன்ட்டோடு நின்ற பிரஷ்ஷைக் காட்டி, "இவரு யாரு?" என்று கேட்டிருக்கிறார். அண்ணன் ஒரு நொடி தயங்கிவிட்டு, "வண்டி கழுவ வர்ற ஆளு" என்று சொல்லிவிட்டார்.

பிரஷ் வாளியை அங்கேயே வைத்துவிட்டு நடந்தே வந்துவிட்டார். அதன்பிறகு நான்கு வருஷம் பேச்சு வார்த்தை இல்லை. அண்ணன் என்ற சொல்லையே விட்டுவிட்டார். "அந்த ஆளு" என்பார். பதிலுக்குப் பதில்.

ஆனால் அந்த ஆள் மாதம் தவறாமல் எங்கள் இடத்துக்கே பிக்கப்பைக் கொண்டுவந்தார். வண்டி வாசலில் திரும்பும் சத்தம் கேட்டதும் பிரஷ் பின்பக்கம் மிதியடி காயப்போடப் போய்விடுவார். காயப்போட மிதியடி இல்லாத நாளிலும் போவார். தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். இவர் விஷயத்தில் சுவர் ஓரமாக எட்டிப் பார்க்கிற தலை மட்டும் ஆடும். முதல் தடவையே என்னிடம் கறாராகச் சொல்லிவிட்டார்.

"அந்த ஆளு என்ன சொன்னாலும் என்கிட்ட கொண்டு வராத. கொண்டு வந்தா அப்புறம் உன் மூஞ்சியிலயும் முழிக்க மாட்டேன்."

எனக்கென்ன வந்தது என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். அண்ணன் தம்பி இன்றைக்கு அடித்துக்கொள்வார்கள், நாளைக்குச் சேர்ந்துகொள்வார்கள், நடுவில் போனவன்தான் கெட்டவன் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். என் சோம்பேறித்தனத்துக்கு நல்ல பெயர் வைப்பதில் நான் கெட்டிக்காரன்.

அண்ணன் எப்போதும் வெளிவேலைக்கு மட்டும்தான் கொடுப்பார். கழுவி முடித்ததும் வண்டி பளபளவென்று நிற்கும், கதவைத் திறந்தால் குப்பைமேடு. அது கிளம்பிப் போனதும் பிரஷ் முன்னால் வந்து மாதாமாதம் அதே வசனத்தைச் சொல்வார். "வெளியே மினுக்கு, உள்ளே அழுக்கு. வண்டி எப்படியோ ஆளும் அப்படித்தான்." நானும் சிரித்துவைப்பேன். இப்போது நினைத்தால் என் வாயிலேயே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

போன மாதம் அண்ணன் தூக்கத்திலேயே போய்விட்டார். பிரஷ் அண்ணன் வீட்டுத் தெருமுனை வரை போனார். அதற்குமேல் கால் வரவில்லை என்று திரும்பிவிட்டார்.

இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில் அண்ணி அந்தப் பிக்கப்பை ஒரு டிரைவரை வைத்துக் கொண்டுவந்தார். இந்தத் தடவை பிரஷ்ஷால் பின்பக்கம் போக முடியவில்லை.

"சாயங்காலம் அஞ்சு மணிக்கு இதை வாங்குறவரு இங்கயே வந்து எடுத்துக்கிறாராம். உள்ளயும் வெளியயும் சுத்தம் பண்ணி வைங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிரஷ் கதவைத் திறந்தார். சிமென்ட் தூள், சணல் கயிற்றுத் துண்டுகள், பழைய பில்கள், பிஸ்கட் உறைகள், ஒற்றைச் செருப்பு. டாஷ்போர்டில் விரல் வைத்தால் விரல் பதிகிற அளவுக்குத் தூசி.

"நாலு வருஷமா ஒரு துணி வெச்சுத் தொடைக்கல பாரு. சரியான சோம்பேறி."

செத்துப்போனவரைச் சொன்னதும் எனக்குச் சுருக்கென்றது. துப்பாக்கியைக் கீழே போட்டேன்.

"சோம்பேறி இல்ல. அவரு வேணும்னேதான் விட்டு வெச்சிருந்தாரு."

"என்ன உளர்ற?"

"உள்ளயும் பண்ணிடவான்னு மாசாமாசம் நான் கேப்பேன். 'வெளியே மட்டும் போதும். உள்ளே என் தம்பி செய்வான், அவன் கோபம் ஆறட்டும்'னு சொல்லுவாரு."

பிரஷ் சீட்டைப் பிடித்தபடி என் பக்கம் திரும்பினார்.

"தம்பின்னா சொன்னாரு?"

"ஆமா. ஒவ்வொரு தடவையும்."

"பக்கத்துல யாராவது இருந்தாங்களா?"

"முதலாளி இருப்பாரு. வண்டி கொண்டு வந்தவங்க நிப்பாங்க. சத்தமாத்தான் சொல்லுவாரு."

ஏன் அவ்வளவு சத்தமாகச் சொன்னார் என்பது சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. பின்பக்கத்தில் இருக்கிறவருக்குக் கேட்கவேண்டும் என்றுதான். அந்த நேரமெல்லாம் என் தண்ணீர் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு நிமிஷம் அதை நிறுத்தியிருந்தால் போதும்.

ஏன்டா இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. நாலு அறை கொடுத்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

அன்று அவர் இரண்டு மணி நேரத்தில் முடிக்கவில்லை. சாப்பிடவும் வரவில்லை. கூரைத் துணியில் ஆரம்பித்து மேலிருந்து கீழாக வந்தார். சீட்டைக் கழற்றி வெளியே வைத்து நுரை போட்டுத் தேய்த்தார். சீட் பெல்ட்டை முழுதாக இழுத்து ஒவ்வொரு சாணாகத் துடைத்தார். ஸ்டியரிங்கில் கை படுகிற இடம் தேய்ந்து வழவழப்பாக இருந்தது. அங்கே மட்டும் பல் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு வெறும் ஈரத்துணியால் ஒற்றி எடுத்தார். முதலாளி இரண்டு தடவை எட்டிப் பார்த்தார், இந்தத் தடவை தலையில் அடித்துக்கொள்ளவில்லை.

ஐந்து மணிக்கு அண்ணியும் வாங்குகிறவரும் வந்தார்கள். வாங்குகிறவர் கதவைத் திறந்து டாஷ்போர்டைத் தடவிப் பார்த்தார். "அடேங்கப்பா, புதுசு மாதிரி இருக்கே" என்றவர், முழங்கால் வரை நனைந்து நின்ற பிரஷ்ஷைப் பார்த்துவிட்டு அண்ணி பக்கம் திரும்பினார்.

"இவரு யாரு?"

அண்ணி வாயைத் திறப்பதற்குள் பிரஷ் சொன்னார்.

"தம்பி. எங்க அண்ணன் வண்டி இது."

சத்தமாகத்தான் சொன்னார். மோட்டாரை நான் காலையிலேயே நிறுத்தியிருந்தேன்.