மூன்றாவது கோடு

சாவி அண்ணன் என்றுதான் தெருவே அவரைக் கூப்பிடும். மாடிப்படிக்கு அடியில், ஆள் நிமிர்ந்து நிற்க முடியாத கடை. அதில் முப்பத்தோரு வருடம் சாவி வெட்டினார். வெட்டிய ஒவ்வொன்றின் கழுத்திலும் அரத்தால் மூன்று கோடு இழுப்பார், மூன்றாவது மட்டும் சாய்வாக. "நாளைக்கு எங்கயாவது திருட்டுப் போனா, இது என் கை வெட்டினதா இல்லையான்னு சொல்லணும்ல?" என்பார். மகா பிடிவாதக்காரர். கட்டின மனைவியை நம்பினாரோ இல்லையோ, அந்தக் கோட்டை நம்பினார்.

போன வருடம் மறதி நோய் வந்து கடையைச் சாத்தினார்கள். மறதி மட்டும் என்றால் மனைவி எப்படியோ சமாளித்திருப்பாள். கூடவே சந்தேகமும் வந்து தொலைத்தது.

காலையில் அவள் கையில் வாசல் சாவியைப் பார்த்ததும் ஆரம்பித்துவிடுவார். "ஊருக்கே பூட்டு மாட்டினவன் வீட்டுக்கே கள்ளச்சாவியா? யார் குடுத்தா உனக்கு?"

கல்யாணப் போட்டோவைக் காட்டினால், "எவனோ ஒட்டின படம்" என்று தள்ளிவிடுவார். அதனால் அவள் சாவியை மட்டும் நீட்டுவாள். ஜன்னல் வெளிச்சத்தில் கட்டைவிரல் நகத்தால் தடவிப் பார்ப்பார். ஒன்று, இரண்டு, சாய்வாக மூன்று. முகம் இளகிவிடும்.

"என் கைதான். அப்போ நீ நம்ம வீட்டு ஆளுதான். டீ போடு."

நாள் தவறாமல் இதே கூத்து. பாவம், அந்த மூன்று கோட்டில்தான் அவள் குடித்தனமே தொங்கிக்கொண்டிருந்தது.

ஒரு நாள் மதியம் மாத்திரை தீர்ந்துபோனது. அவர் அசந்து தூங்கினார். அவள் கதவைச் சாத்திவிட்டு மருந்துக்கடைக்கு ஓடினாள். சாவியை மேஜையிலேயே விட்டுவிட்டது அங்கே போனபிறகுதான் உறைத்தது. ஓட்டமும் நடையுமாகத் திரும்பி வந்து கதவைத் தட்டினாள்.

கதவு சங்கிலி அளவுக்குத் திறந்தது. அவர் சட்டையெல்லாம் அரத்தூள். கையில் சாவி. அதன் கழுத்து புதுசாக, மொழுமொழுவென்று மின்னியது.

"என்னங்க பண்ணீங்க?"

"எவனோ என் குறியைத் திருடிப் போட்டிருக்கான். ராவி எடுத்துட்டேன்ல!" அவருக்கு ஒரே பெருமை.

"ஐயோ, அது நீங்க போட்டதுங்க! நல்லாப் பாருங்க!"

பார்த்தார். நகத்தால் தடவினார். திரும்பத் திரும்பத் தடவினார். தான் ராவியது அதற்குள் மறந்துவிட்டது.

"என் குறியே இல்லையே. இது நான் வெட்டினதில்ல," என்றார். கோபமே இல்லை, கடைக்கு வந்த வாடிக்கையாளரிடம் பேசுகிற மரியாதை. "நீங்க யாரும்மா?"

அவள் மாத்திரைப் பையை இறுக்கிக்கொண்டு அழுதாள். கதவு சாத்திக்கொண்டது. உள்ளே பூட்டு இரண்டு சுற்றுச் சுற்றியது. உள்ளிருந்து பூட்டினால் எந்தச் சாவிக்கும் மசியாது என்று அவரே பீற்றிக்கொண்டு மாட்டிய பூட்டு.

தெருவில் யார் வீட்டுக் கதவு அடைத்துக்கொண்டாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவள் யாரைக் கூப்பிடுவாள்?