மூன்று அண்டா மீன்குஞ்சும் முழங்கால் தண்ணீரும்

காஞ்சிபுரத்திலிருந்து சாலவாக்கத்துக்கு யாரும் சுற்றுலா போவதில்லை. நான் போனது எழுபதுகளின் கடைசியில், கார்த்திகை மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில், மூன்று அலுமினிய அண்டா நிறைய மீன்குஞ்சுகளோடு. ஊர் ஏரியில் மீன் விட நினைக்கிறவர்கள் குஞ்சை எப்படிக் கொண்டுபோவது என்று என்னிடம் அவ்வப்போது கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இது.

என்னோடு படித்த ஏகாம்பரம் சாலவாக்கம் பக்கத்தில் ஓர் ஏரியின் மீன் குத்தகையை எடுத்திருந்தான். அதற்கு முன் இரண்டு வருடம் மழை ஏமாற்றிவிட்டதில் ஏரி பாளம் பாளமாக வெடித்து, ஒரு கெளுத்திகூட மிஞ்சவில்லை. அந்த வருடம் ஏரி நிரம்பியது. ஆனால் கோடையில் விவசாயிகள் என்ஜின் வைத்துக் கடைசிச் சொட்டுவரை இறைத்துவிட்டால் மீன் எங்கே போகும்? முழங்கால் தண்ணீரையாவது விட்டுவையுங்கள் என்று இவன் கேட்டான். ஒரு மாதம் பேசி, ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார்கள். மூன்று அண்டாக் குஞ்சும் உயிரோடு வந்து, அவர்கள் கண் முன்னால் ஏரியில் இறங்க வேண்டும். பேருக்கு நாலு மீனை விட்டுவிட்டு ஏரியையே சொந்தம் கொண்டாடுவான் என்கிற பயம் அவர்களுக்கு. ஒரு அண்டா செத்தாலும் பேச்சு முறிந்தது. இதையெல்லாம் சொல்லிவிட்டு, குஞ்சைக் கொண்டுவரும் வேலையை என் தலையில் கட்டினான் பாவி.

மீன்பண்ணை லாரி காலை ஐந்தரைக்குக் காஞ்சிபுரம் பஸ் நிலையத்தில் அண்டாக்களை இறக்கிவிட்டுப் போய்விட்டது. உத்திரமேரூர் பஸ் ஆறு இருபதுக்கு. கண்டக்டர் படியிலேயே மறித்தார்.

“இன்னாய்யா இது? தண்ணி சிந்துச்சினா எவன் தொடைக்கிறது?”

“நானே தொடைக்கிறேன்” என்றேன். எனக்கு ஒரு ரூபாய் பத்து காசு, அண்டாவுக்குத் தலா ஐம்பது காசு. என்னைவிட மீனுக்குத்தான் டிக்கெட் அதிகம்.

குஞ்சு கொண்டுபோவது சும்மா உட்கார்ந்து போகிற காரியமில்லை. தண்ணீரைக் கையால் அள்ளி, ஒரு சாண் உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அப்போதுதான் காற்று கலக்கும். நிறுத்தினால் குஞ்சுகள் மேலே வந்து வாயைப் பிளக்கும். மூன்று அண்டாவுக்கு ஓர் ஆளாகக் கிளம்பியது என் மடத்தனம். மூன்றாவது அண்டா பின் சீட்டில், மாகறல் கோயிலுக்குப் போகும் ஓர் அம்மாவின் காலடியில் இருந்தது. முன்னால் இருந்த இரண்டையும் கவனித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், அந்த அண்டாவில் தண்ணீரே தெரியவில்லை. வெள்ளை வெளேரென்று பொரி.

“இன்னாம்மா பண்ணீங்க!”

“வாயத் தொறந்து தொறந்து மூடுச்சுங்க தம்பி. பசிக்குதுன்னு நெனச்சேன். கோயில் கொளத்துல போடறதுக்கு வாங்கினு வந்த பொரி, இதுங்களுந்தான் திங்கட்டுமேன்னு போட்டேன்.”

“பசி இல்லம்மா, மூச்சு முட்டுது!”

அந்த அம்மாவுக்கு முகம் செத்துவிட்டது. மாகறல் வரும்வரை கிட்டத்தட்ட கால் மணி நேரம், ஊறிய பொரியைக் கை நிறைய அள்ளி ஜன்னலுக்கு வெளியே வீசிக்கொண்டே வந்தார். இறங்கும்போதும் “பொழைச்சிக்குமா தம்பி?” என்றுதான் கேட்டார். நான் கோபத்தில் அண்டாவின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மாகறல் தாண்டி ஒரு பம்ப்செட் ஓடிக்கொண்டிருந்தது. டிரைவர் தானாகவே வண்டியை நிறுத்தி, “அஞ்சே நிமிசம்” என்றார். தண்ணீர் மாற்றினேன். முதல் இரண்டு அண்டாவிலும் நல்ல துள்ளல். மூன்றாவதில் ஏறக்குறைய எல்லாமே வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன. ஏகாம்பரத்தின் குத்தகை அந்த அண்டாவில்தான் மிதந்தது. செத்ததை வாய்க்கால் ஓரம் கொட்டினேன். உயிரோடு இருந்ததை மூன்று அண்டாவுக்கும் பங்கு பிரித்தேன். டிரைவர் ஹாரன் அடித்தார். ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

எட்டு மணிக்கு உத்திரமேரூர், சுமார் இருபத்தெட்டு கிலோமீட்டர். எட்டே முக்காலுக்கு டவுன் பஸ். சாலவாக்கம் வந்தபோது ஒன்பதரை. அங்கிருந்து ஏரிக்கரைவரை ஏகாம்பரத்தின் மாட்டு வண்டி. வழியில் அவனிடம் சொல்லிவிடத்தான் நினைத்தேன். அவன் மூடியைத் திறந்து திறந்து பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தான், நான் தண்ணீரை அள்ளி ஊற்றுவதிலேயே இருந்தேன்.

கரையில் பத்துப் பன்னிரண்டு பேர். அவர்களில் துரைசாமி என்பவர்தான் அதிகம் பேசினார். அவருக்கு நிலம் கடைமடையில், தண்ணீர் கடைசியாக வந்து முதலில் நிற்கிற இடம்.

“ஏரி வெட்னது நெல்லுக்கா மீனுக்கா? மொதல்ல அத்தச் சொல்லு.”

“ரெண்டுத்துக்கும் வெச்சிக்க முடியாதா?” என்றான் ஏகாம்பரம். “வானம் முன்ன மாரியா கீது? அடியோட காஞ்சிப்போச்சுன்னா வெதைக்கு ஒரு மீனு மிஞ்சாது.”

துரைசாமி குனிந்து ஒவ்வொரு அண்டாவாகப் பார்த்தார். பிறகு என்னிடம், “அண்டாவுக்கு இவ்ளோதானா தம்பி?” என்றார்.

“இவ்ளோதாங்க.”

“சரி. மூணும் உயிரோட கீது. முழங்கா தண்ணி வந்ததும் மதக அடைச்சிடறோம். என்ஜினும் வெக்க மாட்டோம்.”

அண்டாக்களை ஏரியில் அரை மணி நேரம் மிதக்கவிட்டு, ஏரித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, பிறகுதான் சாய்த்தோம். அவசரப்பட்டுக் கொட்டினால் சூடு ஒத்துக்கொள்ளாமல் செத்துப்போகும்.

சித்திரையில் மறுபடி போனேன். முழங்கால் தண்ணீரில் ஏகாம்பரம் வலை இழுத்துக்கொண்டிருந்தான். அரைக் கிலோ, முக்கால் கிலோ கட்லா. நல்ல மகசூல் என்று சொல்ல முடியாது, ஆனால் குத்தகை தப்பித்தது. துரைசாமி இரண்டு மீனை விலைக்கு வாங்கி, என்னைச் சாப்பிட வரச் சொன்னார். கை கழுவக் கொல்லைப்பக்கம் போனால், தை மாதம் நட்ட அவருடைய நவரை நெல் பால் பிடிக்கும் சமயத்தில் தண்ணீரில்லாமல் காய்ந்து வைக்கோலாக நின்றது. வாய்க்காலின் மறுகோடியில், கரைக்கு அப்பால், ஏரியில் தண்ணீர் கிடந்தது.

“என்ஜின் வெச்சிருக்கலாமே” என்றேன்.

“ஏகாம்பரமே வந்து வெச்சிக்கச் சொன்னான். நான்தான் வாணாம்னுட்டேன். மூணு அண்டா வந்தா தண்ணிய வுட்டு வெக்கறோம்னு சொன்னோம், வந்துச்சு. அப்புறம் இன்னா பேச்சு? சோறு போட்டுக்க தம்பி.”

குழம்பு நன்றாக இருந்தது. அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. செத்த அண்டாவைப் பற்றிச் சொல்லாமலே சாப்பிட்டு முடித்து, நாலு மணி பஸ்ஸில் ஊர் திரும்பினேன்.

குஞ்சு கொண்டுபோகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். விடிந்ததும் கிளம்புங்கள், வெயில் ஏறக் கூடாது. அண்டாவுக்கு ஓர் ஆள் கட்டாயம். மூடியை ஈரத் துணியால் கட்டுங்கள், யாரையும் எதையும் போட விடாதீர்கள். வழியில் தண்ணீர் மாற்ற ஓர் இடம் பார்த்துவையுங்கள். இவ்வளவு செய்தும் கொஞ்சம் சாகும். எத்தனை செத்தது என்பதைக் கரையில் நிற்கிறவர்களிடம் அங்கேயே சொல்லிவிடுங்கள்.