அசையாத தூண்

மாடியில் மகள் நடந்தால் கீழே என் காபி நடுங்குகிறது. அமெரிக்காவில், இந்த ஃபிரிஸ்கோவில் இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய வீடு, மரமும் அட்டையும்தான். எரிச்சலோடு டம்ளரைப் பார்க்கும்போதெல்லாம், சிறுவயதில் நாங்கள் குடியிருந்த கல்லூரிக் குவார்ட்டர்ஸின் சமையலறைத் தூண் நினைவுக்கு வருகிறது.

கடப்பைக்கல் பதித்த, இடுப்பளவு செங்கல் தூண். வெள்ளைக்காரன் காலத்தில் அந்த அறை ஓர் இயற்பியல் பேராசிரியரின் ஆய்வுக்கூடமாம். இந்தத் தூண்மேல் கருவியை வைத்து, மெல்லிய இழையில் ஈயக் குண்டுகளைத் தொங்கவிட்டு, அவை ஒன்றையொன்று எவ்வளவு இழுக்கின்றன என்று ஆயுள் முழுக்க அளந்தாராம். தரையின் அதிர்வு எட்டக்கூடாதென்று தூணைச் சுற்றி அவர் விட்டிருந்த விரலளவு இடைவெளிக்குள் எங்கள் கடுகும் கரண்டியும் என் கம்மலும் போய்க்கொண்டே இருந்தன. எறும்புகள் மட்டும் வெளியே வந்தன. அவர் நினைவாக இருக்கட்டும் என்று கல்லூரி அதை இடிக்க மறுத்தது.

"தெருவுல மாட்டுவண்டி போனாலே கத்துவாராம். செத்தும் நம்மள நிம்மதியா நடக்க விடுறாரா பாரு!" என்பாள் அம்மா, இடித்துக்கொண்ட இடுப்பைத் தேய்த்தபடி. ஆனாலும் காபியை அதன்மேல்தான் வைப்பாள். ரயில் போகையில் ஜன்னலெல்லாம் கடகடக்கும். டம்ளருக்குள் ஒரு சுருக்கம்கூட விழாது.

போன வருடம் பார்க்கிங்குக்காக வீட்டோடு தூணையும் இடித்துவிட்டார்கள்.

மாடியில் மறுபடி தடதட. "மெதுவா நடடீ!" என்று கத்தினேன்.

"ஐ ஆம் ஜஸ்ட் வாக்கிங், மா!"

மாட்டுவண்டிக்குக் கத்திய அந்தப் பேராசிரியருக்காவது அளப்பதற்கு இரண்டு ஈயக் குண்டுகள் இருந்தன.