கப்பல் இன்றைக்கும் வரவில்லை

சோற்றுத் தட்டோடு உம்மா அறைக்குள் நுழைந்ததும் வாப்பா சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். "யார் வீட்டுப் பொம்பளை இது? ஆம்பளை இருக்கிற இடத்துல இப்படியா வர்றது?" என்று என்னிடம் கேட்டார். முப்பது வருஷம் அவரோடு குடித்தனம் நடத்தியவள் தட்டை ஏந்தியபடியே நின்றாள். ஆயிரத்துத் தொள்ளாயிரம் பிறந்து ஐந்தாறு வருஷம் ஆகியிருக்கும். கடல் கடந்து பிழைக்க வந்த ஊரில், சிராங்கூன் சாலையில் மாட்டுக் கொட்டகைகளுக்குப் பின்னால் இருந்தது எங்கள் வீடு.

ஆற்றங்கரையில் கயிற்றுக்கடை வைத்திருந்தவர் வாப்பா. அந்நியப் பெண்களை ஏறிட்டும் பார்க்கமாட்டார். பாழாய்ப்போன மறதி உம்மாவின் முகத்தைத் துடைத்துவிட்டு, அந்த ஒழுக்கத்தை மட்டும் மிச்சம் வைத்தது. சாயங்கால அஸர் தொழுகை முடிந்தால் போதும், துறைமுகத்துக்குப் புறப்பட்டுவிடுவார். நாகப்பட்டினத்துக் கப்பலில் அவர் மனைவி வருகிறாளாம். உம்மா புதுப்பெண்ணாக வந்து இறங்கிய நாளிலேயே அவர் நினைவு நின்றுவிட்டது. வழிமறித்தால் அடிப்பார். நானும் புத்தியில்லாமல், "இவங்கதான் வாப்பா உங்க பொண்டாட்டி" என்று கத்துவேன். தட்டு பறக்கும். ஓதிய தண்ணீரும் தாயத்தும் ஒன்றும் செய்யவில்லை.

ஒருநாள் விருந்தாளிகள் வந்திருந்தபோது உம்மா திரைக்குப் பின்னால் இருந்தாள். வாப்பா செருப்பைத் தேடுவது தெரிந்ததும் அங்கிருந்தே, "கப்பல் இன்னிக்கு வரலியாம். சாப்பிட்டுட்டுப் படுங்க, நாளைக்கு வந்துடும்" என்றாள். "சரி தாயி" என்று வாப்பா உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து அவள் திரையைத் தாண்டவில்லை. தான் இன்னும் வந்து சேரவில்லை என்று தினமும் அவளே சொல்ல வேண்டியிருந்தது. வீட்டில் சண்டை ஓய்ந்ததே என்று நான் நிம்மதியாகத் தூங்கினேன், கல்நெஞ்சன். இப்போது எனக்கும் பெயர்கள் மறக்கின்றன.

மூன்று வருஷம் கழித்து வாப்பா காய்ச்சலில் விழுந்தார். வைத்தியர் கைவிட்ட பிறகும், "கப்பல் வந்துடுச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வந்துவிட்டேன் என்று போய்ச் சொல்லுங்கள் உம்மா, என்று நான்தான் கெஞ்சினேன். அவள் முகம் கழுவி, நல்ல புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு திரையை விலக்கினாள். பக்கத்தில் போய் உட்கார்ந்து, "வந்துட்டேங்க" என்றாள்.

வாப்பா அவளை வெகுநேரம் பார்த்தார். அடையாளம் தெரிந்துவிட்டது என்றே நினைத்தேன். பிறகு உள்ளங்கையால் கண்ணை மூடிக்கொண்டார்.

"அந்தாண்டை போயிடு தாயி. என் பொண்டாட்டி வர்ற நேரம். பார்த்தா மனசு சங்கடப்படுவா."

உம்மா எழுந்து போய்விட்டாள். மதியம் லுஹர் தொழுகைக்கு முன்பே அவர் மூச்சு அடங்கியது.

அடக்கம் முடிந்ததும் அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து உம்மாவைச் சுற்றி உட்கார்ந்தார்கள். புருஷனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் ஆண்கள் கண்ணில் படாமல் இத்தா இருக்க வேண்டும் என்று பக்குவமாக எடுத்துச் சொன்னார்கள்.

"மூணு வருஷமா அதுலதான இருக்கேன்" என்றாள் உம்மா.