ஆமாக்கா கூண்டேறிய நாள்

அப்பா அம்மா ஆசையாய் வைத்த பெயர் ஒன்று அவளுக்கு இருக்கத்தான் செய்தது. மருத்துவமனையில் அது சம்பளச் சீட்டோடு சரி. மற்றபடி வாசலில் நிற்கும் காவலாளி முதல் பெரிய டாக்டர் வரை எல்லோருக்கும் அவள் ஆமாக்கா. எதிரில் ஒருவர் பேசத் தொடங்கினால் போதும், தலை தானாக ஆடும், வாய் "ஆமா, ஆமா" என்று தாளம் போடும்.

தடயவியல் செவிலி அவள். அடிபட்டோ நாசப்படுத்தப்பட்டோ வருகிறவர்களைத் தனியறையில் உட்கார வைத்து, காயங்களை அளந்து, படம் எடுத்து, பின்னால் வழக்கு வந்தால் கோர்ட்டில் போய்ச் சொல்வது அவள் வேலை. "படியில விழுந்துட்டேன்" என்று சுவரைப் பார்த்துக்கொண்டு சொல்கிறவர்கள் கூட, அந்த ஆமாவைக் கேட்கக் கேட்க மெல்ல இவள் பக்கம் திரும்பிவிடுவார்கள். நடந்ததெல்லாம் வெளியே வந்துவிடும்.

அதே ஆமாதான் அவளைக் கோர்ட்டில் கவிழ்த்தது. புருஷன் கழுத்தை நெரித்ததாக ஒரு பெண் கொடுத்த வழக்கு. எதிர்த்தரப்பு வக்கீலுக்கு வெண்ணெய் தடவிய குரல். துணி காயப்போடும் கொடியில் கழுத்து சிக்கினாலும் இப்படித் தடம் விழலாம் என்று அவர் நீட்டி முழக்க, இவள் பழக்கதோஷத்தில் தலையாட்டி "ஆமா, ஆமா" என்றாள். "சாட்சியே ஒத்துக்கிட்டாங்க, பதிவு பண்ணிக்கோங்க" என்றார் வக்கீல். இவளுக்குப் பதறிப்போயிற்று. "இல்ல சார், அவன்தான் நெரிச்சான், எனக்குத் தெரியும்" என்றாள். "நீங்க கூட இருந்து பாத்தீங்களா?" என்று அவர் கேட்டதும் இல்லை என்று ஒத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. புருஷன் விடுதலையானான். அந்தப் பெண் இவள் முகத்தைக் கூடப் பார்க்காமல் படியிறங்கிப் போனாள். அதுதான் இவளுக்கு ஆறவே இல்லை.

இந்த நிலையில்தான் பேக்கரிப் பெண்ணின் வழக்கு வந்தது. லீவு கேட்டதற்கு முதலாளி கையைப் பிடித்து முறுக்கி அறைக்குள் தள்ளிப் பூட்டினார் என்பது புகார். மாவு சிந்திய படியில் வழுக்கி விழுந்தாள் என்று முதலாளி சாதித்தார். அவருக்கு வாதாட வந்தவர் அதே வெண்ணெய்க் குரல்காரர்.

"கூட வேலை பாத்தவங்க ஒருத்தரும் வாய் திறக்க மாட்டேங்கறாங்க" என்றாள் அரசு வக்கீலம்மா. "அவ சொல்றதும் நீங்க சொல்றதும்தான் நமக்கு இருக்கு. நீங்க சறுக்கினா அவளும் போச்சு. கேள்வி முடியற வரைக்கும் அசையாதீங்க. பாத்தத மட்டும் சொல்லுங்க. தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க."

சொல்லிவிட்டாள், தலை கேட்க வேண்டாமா? வீட்டில் புருஷனின் அக்கா இருந்தாள். தையல்காரி, வாய் கத்தரிக்கோல். ஆமா போடாமல் இருக்கப் பழக்கிவிடச் சொல்லி அவளிடம் கேட்டாள். வழக்கைப் பற்றி மூச்சு விடக்கூடாது, விடவும் இல்லை. ஆனால் வக்கீல் வேஷம் கட்ட வழக்கு எதற்கு?

"பால் பொங்கி வழிஞ்சுது. நீ போனைப் பாத்துக்கிட்டு இருந்திருக்கே. யாரா இருந்தாலும் அப்படித்தானே இருப்பாங்க?" என்பாள், தையல் மிஷினை மிதித்தபடியே.

"ஆமா அண்ணி…"

"போ, குக்கர் உனக்கு."

ஒரு ஆமாவுக்கு ஒரு பாத்திரம் கழுவ வேண்டும் என்பது ஒப்பந்தம். முதல் வாரம் வீட்டுப் பாத்திரம் மொத்தமும் அவள் கையில்தான். புருஷன் வேறு, வேண்டுமென்றே கூடுதலாக இரண்டு தட்டைப் போட்டுவிட்டுப் போவான். ஒருநாள் மாலை அவள் அசையாமல் உட்கார்ந்து, கேள்வி முடிந்தபின் நிதானமாகச் சொன்னாள்: "அடுப்புல பால் வழிஞ்சிருந்தத பாத்தேன். பொங்கினத நான் பாக்கல." அண்ணி மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து போய்த் தானே பாத்திரம் கழுவினாள்.

விசாரணை நாளில் வெண்ணெய்க் குரல் சிரித்த முகத்தோடு தொடங்கியது. "மாவு கொட்டின படி… வழுக்கும்… அவசரத்துல ஓடி வர்ற பொண்ணு… கால் தடுக்குது, கை அடிபடுது… நீங்க எத்தனை பேரப் பாத்திருப்பீங்க…" ஒவ்வொரு இடைவெளியும் ஒரு ஆமாவுக்காகக் காத்திருந்தது. அவள் கழுத்து லேசாக அசையப் பார்த்தது. வக்கீலின் மேசையில் ஒரு தம்ளர் இருந்தது. கழுவ வேண்டிய பாத்திரம் என்று தோன்றியதும் கழுத்து நின்றுவிட்டது.

"கேள்வி முடிஞ்சுதா சார்?"

"முடிஞ்சுது."

அவள் நீதிபதி பக்கம் திரும்பினாள். "படிய நான் பாக்கலங்க ஐயா. கையைப் பாத்தேன். மேல்கையில ஒரு பக்கம் கன்றிப்போன தடம் நாலு, வரிசையா. மறுபக்கம் ஒண்ணு."

"யாரோட விரல் அது?" என்றார் வக்கீல்.

"தெரியாதுங்க."

"நிறத்த வச்சு எந்த நாள்ல பட்டதுன்னு சொல்லலாமே?"

"உறுதியா சொல்ல முடியாதுங்க."

வக்கீலுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "அப்போ உங்களுக்கு என்னதாம்மா தெரியும்?"

அந்தக் கேள்வியை அவர் கேட்டிருக்கவே கூடாது.

"விழுந்தவங்களுக்கு பெரும்பாலும் எங்க அடிபடும்னு தெரியுங்க. உள்ளங்கை, முழங்கை, முட்டி, இடுப்பு. அத்தனையும் பாத்தேன். ஒரு கீறல் கூட இல்ல. கையில இருந்த தடம், இறுக்கிப் பிடிச்சா வர்ற தடத்தோட ஒத்துப்போகுது. விழுந்ததுக்கு அடையாளம்னு அந்த உடம்புல நான் எதையும் பாக்கல."

நீதிபதியின் பேனா நிற்காமல் ஓடியது. வக்கீல் தம்ளர் தண்ணீரை முழுக்கக் குடித்துவிட்டு, வேறு கேள்வி இல்லை என்று உட்கார்ந்தார்.

தீர்ப்பில் நீதிபதி எழுதியிருந்தார்: "இந்தச் சாட்சி தெரியாததைத் தெரியாது என்றார். ஆகவே தெரியும் என்றதை முழுமையாக நம்புகிறேன்." முதலாளிக்குச் சிறை. கேட்டதும் ஆமாக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. யாரும் பார்க்காத மூலையாகப் பார்த்து ஒரு பாட்டம் அழுதுவிட்டுத்தான் வெளியே வந்தாள்.

வராந்தாவில் பேக்கரிப் பெண் நின்றிருந்தாள். ஓடிவந்து இவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னிக்கு ஆஸ்பத்திரியில நீங்க ஆமா ஆமான்னு கேட்டதாலதான்க்கா எனக்கு வாயே வந்துச்சு. இங்க வந்து கல்லு மாதிரி நின்னீங்களா, என்மேல ஏதோ கோபம்னு பயந்தே போயிட்டேன்."

"கோபமா? அந்த ஆமாவையெல்லாம் உனக்காகத்தான்டி சேத்து வச்சிருந்தேன். உக்காரு, சொல்லு."

அவள் பெஞ்சில் உட்கார்ந்து சொல்லத் தொடங்கினாள். ஆமாக்கா பக்கத்தில் உட்கார்ந்து, கழுத்து வலிக்கிற வரை தலையாட்டினாள்.