தங்காத ஹாஸ்டலுக்கும் ஒரு கையெழுத்து

மகள் எங்கள் திருச்சபைக் கல்லூரியில் படிப்பை முடித்திருந்தாள். பி.எட். சேர, மாற்றுச் சான்றிதழை அன்று மாலைக்குள் பீர்மேட்டுக் கல்லூரியில் கொடுத்தாக வேண்டும். அவளுக்குக் காய்ச்சல் என்பதால் அதை வாங்க நான் போனேன்.

நான் வேலை செய்யும் எஸ்டேட்டின் ஆபீசில் பெயர் சொல்லிக் கூப்பிடும்வரை வெளியே நிற்பதுதான் எங்கள் வழக்கம். கல்லூரி ஆபீசிலும் அப்படியே நின்றேன். மதியம்வரை யாரும் கூப்பிடவில்லை. மெல்ல எட்டிப் பார்த்தேன்.

“வாயில்லையாய்யா உனக்கு? லைப்ரரி, ஹாஸ்டல் எல்லாத்துலயும் ஒப்பு வாங்கிட்டு வா” என்று கிளார்க், பாக்கி இல்லை எனக் கையெழுத்து வாங்கும் சீட்டை நீட்டினார்.

ஹாஸ்டலில், லைப்ரரி கையெழுத்து முதலில் வேண்டும் என்றார்கள். லைப்ரரி கதவு சாத்திக் கிடந்தது. சோர்ந்துபோய்ப் படியில் உட்கார்ந்தேன்.

புதிதாக வந்த மலையாளி துணை முதல்வர் சிஸ்டர் அந்த வழியே வந்தார். “எந்தா அண்ணா, இங்க இருக்கீங்க?”

“எம்மவ ஹாஸ்டல்ல தங்கினதே இல்ல சிஸ்டர். தங்காததுக்கு எதுக்கு ஒப்பு?”

சீட்டை வாங்கிக்கொண்டு அவரே லைப்ரரி கதவைத் தட்டினார். “சாப்பாட்டு நேரம், அப்புறம் வா!” என்று உள்ளிருந்து அதட்டல் வந்தது. சிஸ்டரின் முகம் சிவந்தது.

நேரே ஆபீசுக்குப் போய், எல்லா இடத்துக்கும் கிளார்க்கையே போன் செய்து கேட்கச் சொன்னார். “இனி எல்லாருக்கும் இப்படித்தான். ஆளுகளை அங்கயும் இங்கயும் நடத்தண்டா, அலைய விடாதீங்க!”

ஒரு டீ ஆறும் நேரத்துக்குள் சான்றிதழ் கையில் இருந்தது. பீர்மேட்டிலும் நேரத்துக்குக் கொடுத்துவிட்டேன்.

ஆனாலும் எரிச்சல் தீரவில்லை. சிஸ்டர் கேட்டிராவிட்டால் நான் பேசாமல் ஊர் திரும்பியிருப்பேன். அப்படித் திரும்பிப் போனவர்கள் எத்தனை பேரோ!