லென்ஸுக்குப் பல் கட்டியவன்

ரீட்டாவின் அழைப்பு வந்தபோது நான் அய்யலூர் சந்தையில் ஆடுகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தேன். இரைச்சலில் ஒன்றும் பிடிபடவில்லை. "என்னம்மா, சத்தமாச் சொல்லு" என்றேன். மறுபடியும் கேட்கவில்லை. மூன்றாவது தடவை அவள் கத்தினாள்: "அப்பா போயிட்டாரு மாமா!" ஒரு மகளை அந்தச் சொல்லை மூன்று முறை சொல்ல வைத்துவிட்டேனே என்று இன்றுவரை எனக்கு என்மேலேயே கோபம்.

ரீட்டாவின் அப்பா லூர்துவை உங்களில் பலருக்குத் தெரியும். நாகல் நகரில் என் ஸ்டுடியோவுக்கு மேல்மாடியில் பல் செட் செய்யும் லேப் வைத்திருந்தவன். பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள், இவன் பல் செய்து கொடுப்பான். இதைப் படிக்கிற சிலரின் வாயில் இந்த நேரம் அவன் கைவேலைதான் இருக்கும். 'அவர்' என்று மரியாதையாக எழுதிப் பார்த்தேன். இருபது வருஷமாக ஒருவரையொருவர் "ஏலே" என்று கூப்பிட்டுக்கொண்டவர்களுக்கு அது ஒத்துவரவில்லை. அவன் என்றே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் ஒரு பழைய டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா இருக்கிறது. கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். அதில் நான் மாட்டுவது அதைவிடப் பழையதான, ஃபிலிம் காலத்து அகல லென்ஸ். சிக்கல் என்னவென்றால், அந்த லென்ஸ் யாரென்று கேமராவுக்குத் தெரியாது. புது லென்ஸ்களின் பின்பக்க வளையத்தில் கறுப்பும் வெள்ளையுமாக ஆறு புள்ளிகள் இருக்கும். கேமரா அதைப் படித்து, இன்ன லென்ஸ் என்று கண்டுகொண்டு, படத்தின் ஓரங்களில் நிறத்தைத் திருத்திக்கொள்ளும். என் லென்ஸ் புள்ளிகள் வருவதற்கு முன்பே பிறந்தது. அந்தக் கேமராவில் கறுப்புத் துணி ஊதாவாக விழாமலிருக்க ஒரு ஃபில்டர் வேறு போட்டாக வேண்டும். போட்டால் படத்தின் இரண்டு ஓரமும் நீலம் பாரித்துவிடும். நான் அதைக் கண்டும் காணாமல் காலம் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

லூர்துவின் தம்பி வீட்டுக் கல்யாணத்தில் மாட்டிக்கொண்டேன். குடும்பம் மொத்தத்தையும் நிறுத்தி ஒரு குரூப் போட்டோ எடுத்தேன். பிரிண்ட் வந்ததும் எல்லோரும் அவரவர் முகத்தைத் தேடினார்கள். லூர்துவின் சின்னம்மா குஜிலியம்பாறையிலிருந்து வந்திருந்தார். மானாவாரிக் காட்டில் தனியாளாகப் பாடுபடுகிறவர், புருஷன் இல்லை. படத்தைக் கிட்டத்தில் வைத்து, ஓரத்தில் நீலமாக விழுந்திருந்த தன் முகத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "என்ன தம்பி, செத்த பெறகு எடுத்தாப்புல இருக்கேன்?"

நான் சிரித்து மழுப்பினேன். லூர்து சிரிக்கவில்லை. மறுநாள் காலையிலேயே ஸ்டுடியோவுக்கு இறங்கி வந்துவிட்டான். "கம்ப்யூட்டர்ல சரி பண்ணிருவேன்டா" என்றேன்.

"நடுவுல நிக்கிறவுகளுக்கு ஒண்ணும் வேணாம், ஓரத்துல நிக்கிறவுகளுக்கு மட்டும் நீ பெறகு பவுடர் போட்டு விடுவியாக்கும்? எல்லாக் கல்யாணத்துலயும் ஓரத்துல நிக்கிறது அதே ஆளுகதான்லே. கூப்பிட்டாலும் நடுவுக்கு வர மாட்டாக. அவுகளத்தான் ஒன் கேமரா நீலமாக்குது."

எனக்குச் சுருக்கென்றது. அத்தனை வருஷம் படம் எடுத்திருக்கிறேன், ஓரத்தில் நிற்பவர்கள் யார் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

அன்றிலிருந்து அவனுக்கு அதே வேலை. முதலில் என் லென்ஸின் வளையத்தில், புது லென்ஸில் இருப்பதுபோலவே, மார்க்கர் பேனாவால் புள்ளி வைத்துப் பார்த்தோம். கேமரா லென்ஸைக் கண்டுகொண்டது. ஆனால் நாலு தரம் கழற்றி மாட்டியதும் மை தேய்ந்து அழிந்துவிட்டது. "குழி எடுத்து உள்ள அடைக்கணும். சொத்தைப் பல்லுக்குச் செய்றதுதான்" என்றான். அந்தச் சமயம் அவனுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டிருந்தன. வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸ். அடுத்த மாதம் ரீட்டாவுக்குக் கல்யாணம். அதற்குள் முடித்தாக வேண்டும் என்று பிடிவாதமாக நின்றான். வேண்டாமென்று நான் சொல்லிப் பார்த்தேன். "ஏலே, நீ படத்த எடு. குழிய நான் எடுத்துக்கிறேன்" என்று வாயை அடைத்துவிட்டான்.

எந்தப் புள்ளி கறுப்பு, எது வெள்ளை என்று ஒரு தாளில் ஆறு வட்டம் வரைந்து கொடுத்தேன். பல் ராவுகிற சின்ன டிரில்லால் மேலோட்டமாக ஆறு குழி எடுத்தான். வெள்ளைக்குப் பல் செய்கிற பொருளிலேயே ஆக வெளுப்பானதை வைத்து அடைத்தான். கறுப்புக்குப் பெயிண்ட். வேலை அவ்வளவு சுத்தம், கம்பெனியிலிருந்து வந்ததுபோல் இருந்தது. மாட்டினோம். கேமரா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. லென்ஸின் பெயர் வர வேண்டிய இடம் காலியாக இருந்தது. கல்யாணத்துக்கு மூன்று நாள்தான் பாக்கி.

என் தாளையும் லென்ஸையும் மாறி மாறிப் பார்த்தவன் திடீரென்று தலையில் அடித்துக்கொண்டான். பல் வேலையில் தாளில் வரைவது எதிரே வாயைத் திறந்து உட்கார்ந்திருப்பவரின் பற்களை. தாளில் இடது பக்கம் இருப்பது அவருடைய வலது பக்கம். பழக்க தோஷத்தில் என் தாளையும் அப்படியே படித்து, வரிசையை இடம் வலமாகப் போட்டுவிட்டான்.

"லென்ஸ ஒருத்தர் வாயின்னு நெனச்சுப்புட்டேன்லே!" சிரித்தவனுக்கு இருமல் வந்து அடங்க வெகுநேரம் ஆனது.

மறுநாள் அவனுக்கு டயாலிசிஸ். போய்வந்தால் கை நடுங்கும் என்பதால், போவதற்கு முன்பே மேசையில் உட்கார்ந்துவிட்டான். ஆட்டோ வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அவன் மனைவி ஜெயமேரி மாடிப்படியில் நின்று கத்தினார்: "ஆசுபத்திரிக்கு நேரமாச்சு, இவுக வெளையாண்டுக்கிட்டு இருக்காக! நீங்களாச்சும் சொல்லக் கூடாதாண்ணே?"

"செத்த நேரம் நிக்கச் சொல்லு" என்றான், நிமிராமலே. "எம்புள்ள கல்யாணத்துல சின்னம்மா திருப்பியும் பொணமாட்டம் நிக்கக் கூடாது."

வரிசை திரும்பியதில் நிறம் மாறிப்போனவை இரண்டு குழிகள்தான். அவற்றைச் சுரண்டி, கறுப்பை வெள்ளையாகவும் வெள்ளையைக் கறுப்பாகவும் மாற்றி அடைத்தான். காயும்வரை ஊதிக்கொண்டே இருந்தான். மாட்டினேன். லென்ஸின் பெயர் வந்தது. அவன் குழந்தையைப்போலக் கை தட்டினான். "பல்லு கட்டியாச்சு. இனிமே அது கடிக்கும்" என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறிப் போனான்.

கல்யாணத்தன்று திருப்பலி முடிந்து கோயில் படிகளில் எல்லோரையும் நிறுத்தினேன். சின்னம்மா வழக்கம்போல ஓரத்துக்குப் போனார். லூர்து போய்க் கையைப் பிடித்து நடுவுக்கு இழுத்தான். "நான் இங்கனயே நிக்கிறேன்யா, விடு" என்று அவர் அசையவில்லை. அவன் திரும்பிப் பெண்ணுக்குப் பக்கத்தில் போவான் என்று காத்திருந்தேன். போகவில்லை. சின்னம்மாவுக்கும் அந்தப் பக்கம், வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டான். பெண்ணைப் பெற்றவன் அங்கே நிற்கலாமா என்று சம்பந்தி வீட்டார் சத்தம் போட்டார்கள். அவன் என்னைப் பார்த்து, "எடுலே" என்றான்.

அதுதான் நான் அவனை எடுத்த கடைசிப் படம்.

அடக்கம் முடிந்து, முப்பதாம் நாள் திருப்பலிக்கு நினைவு அட்டை அடிக்க ரீட்டா ஸ்டுடியோவுக்கு வந்தாள். அந்தக் கல்யாணப் படத்திலிருந்து அப்பாவை மட்டும் வெட்டி எடுக்கச் சொன்னாள். திரையில் பெரிதாக்கினேன். நீலம் துளி இல்லை. சின்னம்மாவின் முகத்தில் குஜிலியம்பாறை வெயில் அப்படியே இருந்தது. அவன் முகமும் இருந்தபடி இருந்தது. நோய் வந்து கறுத்துச் சாம்பல் பூத்த முகம்.

"கொஞ்சம் வெளுப்பாக்கிரலாமா மாமா? ரொம்ப முடியாதவுக மாதிரித் தெரியுது" என்றாள்.

வாழ்க்கை முழுக்க முகங்களை வெளுத்துக் கொடுத்துப் பிழைத்தவன் நான். மவுஸில் கை இருந்தது. எடுத்துவிட்டேன். "இதுல மட்டும் கை வைக்க மாட்டேன்மா" என்றேன். அவளிடம் நான் அப்படிக் கறாராகப் பேசியதே இல்லை. ஏன் என்று குழிகளின் கதையைச் சொன்னேன். சின்னம்மாவுக்காக அப்பா ஆட்டோவைக் காக்க வைத்தது அவளுக்கு அன்றுவரை தெரியாது.

ரீட்டா திரையில் அந்த முகத்தை விரலால் தொட்டாள்.

"அப்பா கலர் இதுதான் மாமா. இருக்கட்டும்."

அவனுடையது என்று என்னிடம் இருப்பது இந்தப் படம். இதில் ஒரு புள்ளியைக்கூட நான் திருத்த மாட்டேன்.